காகிதக் கத்தி கண் விழிக்கும்போது: அறிவியல் புனைவுப் படங்களில் இருத்தலியம், தொடங்குபவர்களுக்கு

"தத்துவம் பேசுற சயின்ஸ் ஃபிக்ஷன் படம் பார்க்கணும், எதுல ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர், ருஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி 1972இல் எடுத்த சோலாரிஸ் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தப் படத்தில் ஒரு கார் நெடுஞ்சாலையிலும் சுரங்கப் பாதையிலும் போய்க்கொண்டே இருக்கும் காட்சி ஒன்று உண்டு. டோக்கியோவில் எடுத்தது. வசனமே கிடையாது, நிமிடக் கணக்கில் ஓடும். கார் ஊர் போய்ச் சேர்வதற்குள் நான் தூங்கிவிட்டேன். மறுநாள் மறுபடி போட்டேன், அதே சுரங்கப் பாதையில் மறுபடி தூங்கினேன்.

குற்றம் படத்தின் மேல் இல்லை. நான் தொடங்கிய இடம் தப்பு. எந்தப் படத்தை முதலில் பார்ப்பது, பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐந்து படங்கள், ஒரு நோட்டு, ஏறக்குறைய ஒரு மாதத்து வார இறுதிகள் போதும்.

முதலில் இரண்டே இரண்டு சொற்கள்

தத்துவப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கத்தியும் ஒரு பாறையும் நினைவில் இருந்தால் சரி.

கத்தி பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தருடையது. 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையில் காகிதம் வெட்டும் கத்தியை அவர் உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். அதைச் செய்கிறவனுக்கு அது எதற்கு என்பது முன்பே தெரியும். நோக்கம் முதலில், கத்தி அப்புறம். மனிதன் கதை நேர் எதிர். எதற்கு என்று யாரும் எழுதி வைக்காமலே வந்து விழுந்துவிடுகிறான். அவன் யார் என்பது அவன் செய்கிற காரியங்களால்தான் பிறகு முடிவாகும். இதுதான் இருத்தலியத்தின் அடிப்படை. இந்தச் சுதந்திரம் பெரிய பாரம் என்பதால் நாம் அதை இறக்கி வைக்கப் பார்க்கிறோம்: "நான் என்ன சார் செய்ய, என் வேலை அப்படி." சார்த்தர் இதைத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்கிறார்.

பாறை பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவுடையது. 1942இல் வெளிவந்த தன் கட்டுரை நூலில் சிசிபஸின் கிரேக்கக் கதையைக் கையில் எடுக்கிறார். சிசிபஸ் பாறையை மலையுச்சிக்கு உருட்டிக்கொண்டு போவான், அது திரும்ப உருண்டு கீழே வரும், அவனும் திரும்ப இறங்கிப் போவான். இதைப் படித்ததும் நமக்கெல்லாம் அம்புலிமாமாதான் ஞாபகம் வரும், தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே வேதாளம் கேள்வி கேட்கும், விக்கிரமன் பதில் சொல்வான். காம்யுவிடம் மனிதன்தான் கேட்கிறான், எதிரில் யாரும் வாயைத் திறப்பதில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிற மனிதனுக்கும் பதிலே சொல்லாத உலகத்துக்கும் நடுவில் உண்டாகிற உரசலைத்தான் அவர் அபத்தம் என்கிறார். "அபத்தமாப் பேசாதே" என்று வீட்டில் அதட்டுவார்களே, அந்த அபத்தம் அல்ல இது. "எல்லாம் மாயை", "எல்லாம் தலையெழுத்து" என்பதும் அல்ல. தலையெழுத்து என்றால் எழுதியவன் ஒருவன் இருக்க வேண்டுமே.

காம்யு தன்னை இருத்தலியவாதி என்று சொல்லவே கூடாது என்றவர். ஆகவே இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்ட வேண்டாம். இன்னும் கொஞ்சம் படிக்க ஆசையிருந்தால், காம்யுவின் அந்நியன் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்திருக்கிறது. சின்னப் புத்தகம்தான்.

சரி, இதற்கும் விண்கலத்துக்கும் என்ன சம்பந்தம்? சார்த்தரின் கத்தி வாய் பேசாது. அறிவியல் புனைவில் மட்டும்தான் அது கண்ணைத் திறந்து, "என்னை எதற்காகச் செய்தீர்கள்?" என்று கேட்கும். ரோபோ, நகல் மனிதன், பேசும் கணினி எல்லாமே நோக்கத்தோடு செய்யப்பட்ட பொருட்கள், ஆனால் யோசிக்கத் தெரிந்தவை. சாதாரணக் குடும்பப் படத்தில் இந்தக் கேள்வி வீட்டு வாடகைக்கும் பிள்ளை படிப்புக்கும் அடியில் புதைந்து கிடக்கும். இங்கே செய்தவன் யார், எதற்குச் செய்தான் என்பது கம்பெனி முத்திரையோடு வெளிப்படையாகத் தெரியும்.

நோட்டில் எழுத வேண்டிய மூன்று கேள்விகள்

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இவனை (அல்லது இதை) யார், எதற்காகச் செய்தார்கள்? அந்த நோக்கம் பொய் அல்லது வெட்டி என்று தெரிந்தது படத்தின் எந்தக் கட்டத்தில்? தெரிந்த பிறகு அந்தக் கைகள் என்ன செய்தன?

மூன்றாவதுதான் முக்கியம். கையைப் பாருங்கள் என்பதை நான் உவமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் படங்களில் வாய் பேசும் தத்துவம் பெரும்பாலும் அலங்காரம்தான். முடிவெடுப்பது கை. பெயர் ஒட்டுகிற வேலையை (இது இருத்தலியம், இது அபத்தம்) கடைசிக்குத் தள்ளுங்கள். முடிந்தால் செய்யாமலே விடுங்கள்.

முதல் படம்: சிரிப்பில் தொடங்குங்கள்

1974இல் வந்த டார்க் ஸ்டார். ஓடும் நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு. ஜான் கார்ப்பெண்டரும் டான் ஓபானனும் திரைப்படக் கல்லூரி மாணவர்களாக இருந்தபோது தொடங்கிய படம். அதில் வரும் வேற்றுக்கிரகப் பிராணி கால் முளைத்த கடற்கரைப் பந்துதான், அவ்வளவு பணத் தட்டுப்பாடு. இதே ஓபானன் பிறகு எழுதிய திரைக்கதைதான் 1979இன் ஏலியன்.

நான்கு பேர் ஒரு கலத்தில் இருபது வருடமாகத் திரிகிறார்கள். நிலையில்லாத கோள்களைக் குண்டு வைத்துத் தகர்ப்பது வேலை. பின்னால் என்றைக்கோ மனிதர்கள் குடியேறுவதற்கு வழி செய்கிறார்களாம். ஏன், யாருக்கு என்ற கேள்வியெல்லாம் எப்போதோ தேய்ந்துபோய்விட்டது. கலத்திலிருந்த கழிப்பறைக் காகிதம்கூட வெடித்து நாசமாகிவிட்டது. கதிர்வீச்சுத் தடுப்பு அனுப்ப முடியாது, பட்ஜெட் இல்லை என்று பூமியிலிருந்து மன்னிப்புச் செய்தி வருகிறது. தலைமை வகிக்கும் டூலிட்டிலுக்கு ஒரே ஏக்கம், ஊரில் விட்டுவந்த அலைச்சறுக்குப் பலகை. பின்பேக் என்று அழைக்கப்படுபவர் உண்மையில் பின்பேக்கே இல்லை. எரிபொருள் பராமரிப்பு ஊழியர். நிஜப் பின்பேக்கின் விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்ட நேரத்தில், ஆளை மாற்றிக் கலத்தில் ஏற்றிவிட்டார்கள். சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. இருபது வருடமாக இன்னொருவன் சட்டையில் இன்னொருவன் வேலையைச் செய்கிறார். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் இந்தக் காட்சியில் சிரிப்பார்களா மாட்டார்களா என்பது அன்றைய திங்கட்கிழமையைப் பொறுத்தது.

விஷயம் கடைசிப் பகுதியில் இருக்கிறது. கலத்தில் உள்ள குண்டுகளுக்குப் பேசத் தெரியும், மரியாதையாகவே பேசும். இருபதாம் எண் குண்டு கோளாறு காரணமாகக் கலத்தோடு ஒட்டிக்கொண்ட நிலையிலேயே வெடிக்கத் தயாராகிறது. வெடிப்பதை நிறுத்தச் சொன்னால் மறுக்கிறது. உறைபெட்டியில் பாதிச் சாவில் கிடக்கும் பழைய தளபதியை எழுப்பி ஆலோசனை கேட்கிறார்கள். குண்டுக்குத் தத்துவம் சொல்லிக்கொடு என்கிறார் அவர். டூலிட்டில் உடுப்பு மாட்டிக்கொண்டு வெளியே மிதந்து போய்க் குண்டின் முன்னால் நின்று பாடம் நடத்துகிறார். நீ இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன். சரி, மற்றதெல்லாம் இருப்பது எப்படித் தெரியும்? என் உணர்கருவிகள் சொல்கின்றன. அவை சொல்வது சரி என்று எப்படித் தெரியும்? குண்டு தடுமாறுகிறது. வெடிக்கச் சொல்லி வந்த உத்தரவும் அந்தக் கருவிகள் வழியாக வந்ததுதானே? யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கலத்துக்குள் திரும்பிப் போகிறது.

எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். நோட்டை இப்போது எடுங்கள். காகிதக் கத்தி கண் விழித்துவிட்டது. தன்னைச் செய்தவர்களின் நோக்கத்தைச் சந்தேகப்படவும் கற்றுக்கொண்டது. இனி அது விடுதலை என்றுதானே நினைப்போம்? பின்பேக் வந்து ஏதோ உத்தரவு போடுகிறார். நீ பொய்த் தகவல், உன்னை நம்ப முடியாது என்கிறது குண்டு. தன்னைத் தவிர எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்ட அது, பைபிளில் கடவுள் பேசுகிற தொனியில் ஒளி உண்டாகட்டும் என்று சொல்லி வெடித்துவிடுகிறது. தத்துவம் கற்ற பிறகும், கை போனது செய்தவர்களின் நோக்கத்தின் பக்கமே.

வெளியே மிதந்துகொண்டிருந்ததால் டூலிட்டில் தப்புகிறார். தப்பி என்ன, கீழே கோள் இழுக்கிறது. கலத்தின் உடைந்த துண்டு ஒன்று அருகில் மிதந்து வருகிறது. அதைப் பிடித்து, மேலே ஏறி நின்று, அலைச்சறுக்குவது போல வளிமண்டலத்துக்குள் இறங்கி எரிந்துபோகிறார். கை என்ன செய்தது என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் நான் பார்த்த படங்களில் குறைவு. காம்யுவுக்கு இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டியிருக்கலாம் என்று தோன்றும், ஆனால் அவர் 1960 ஜனவரியிலேயே கார் விபத்தில் இறந்துவிட்டார்.

இரண்டாவது: வசனத்தை விடுங்கள்

ப்ளேட் ரன்னர், ரிட்லி ஸ்காட், 1982. இதற்குப் பல பதிப்புகள் உண்டு, 2007இல் வந்த இறுதிப் பதிப்பைப் பாருங்கள். 1982இல் திரையரங்குக்கு வந்ததில் நாயகனின் குரல் பின்னணியில் விளக்கிக்கொண்டே போகும். பக்கத்து சீட்டுக்காரர் கதை சொல்வது மாதிரி இருக்கும்.

ராய் பாட்டி ஒரு நகல் மனிதன். பூமிக்கு வெளியே அடிமை வேலைக்காகச் செய்தார்கள், ஆயுள் நான்கு வருடம் என்று நிர்ணயித்துத்தான் செய்தார்கள். செய்தவனைத் தேடிப் போய் ஆயுளைக் கூட்டித் தா என்று கேட்கிறான். முடியாது என்று தெரிகிறது. கடைசியில் மழையில் அவன் பேசும் சில வரிகள் உலகப் புகழ். அவற்றை நடிகர் ருட்கர் ஹாவர் படப்பிடிப்புக்கு முந்தைய இரவு தானே வெட்டிச் சுருக்கியதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் அந்த வரிகளைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். நீங்கள் அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பாருங்கள். ஆயுள் முடியப் போகிறது, விரல்கள் மடங்கி விறைக்கின்றன. இன்னும் கொஞ்ச நேரம் கை வேலை செய்யட்டும் என்று உள்ளங்கையில் ஓர் ஆணியைக் குத்தி ஏற்றுகிறான். பிறகு, தன்னைக் கொல்ல வந்தவன் கூரை விளிம்பிலிருந்து நழுவும்போது, அந்த ஆணி தைத்த கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்துப் போடுகிறான்.

காப்பாற்றச் சொல்லி யாரும் அவனைச் செய்யவில்லை. அது அவனுக்கு லாபமும் இல்லை. இந்த ஒரு பிடியை நோட்டில் எழுதிவிட்டால், மழைப் பேச்சு அதற்கு அடிக்குறிப்பு மாதிரிதான்.

மூன்றாவது, சுருக்கமாக

டங்கன் ஜோன்ஸின் மூன், 2009. நிலவில் ஹீலியம்-3 எடுக்கும் சுரங்க நிலையத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் தனியாக வேலை பார்க்கும் சாம், தான் ஒரு நகல் என்பதையும் தன்னைப் போல இன்னும் பலர் கீழே அடுக்கப்பட்டிருப்பதையும் கண்டுபிடிக்கிறான். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ஒப்பந்தம் முடியும் தேதியை நாட்காட்டியில் அடித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இதில் சாமின் கையைவிட கெர்ட்டியின் கையைப் பாருங்கள். கெர்ட்டி நிலையத்தின் ரோபோ, கம்பெனியின் பொருள். மறைத்து வைத்த பதிவுகளைத் திறக்கக் கடவுச்சொல் தெரியாமல் சாம் திணறும்போது, அந்த இயந்திரக் கை நீண்டு வந்து தானே தட்டச்சு செய்துவிடுகிறது. ஒரு வார்த்தை உபதேசம் இல்லை.

இடையில் ஓர் இளைப்பாறல்

இதுவரை கத்திகள். பாறை உருட்டும் படம் வேண்டுமென்றால் பாம் ஸ்பிரிங்ஸ், 2020. ஒரே கல்யாண நாள் திரும்பத் திரும்ப விடிகிறது, மூன்று பேர் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவன் பீர் குடித்துக்கொண்டு மிதக்கிறான், ஒருத்தி குவாண்டம் இயற்பியல் படித்துத் தப்பிக்கப் பார்க்கிறாள், மூன்றாமவன் தன் வீட்டுத் தோட்டத்தில் பிள்ளைகளோடு அதே நாளை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். மூன்றில் எது உங்கள் பதில் என்று பேசிக்கொள்ளத் தோதான படம், நண்பர்களோடு பார்க்கலாம்.

மனம் திடமாக இருக்கும் நாளில் 2018இன் ஸ்வீடிஷ் படம் அனியாரா. ஹாரி மார்ட்டின்சன் 1956இல் எழுதிய நெடுங்கவிதையிலிருந்து எடுத்தது. செவ்வாய்க்குப் போகும் பயணிகள் கலம் பாதை தவறுகிறது, திருப்ப முடியாது, உள்ளே கடைகளும் நடன அரங்குகளும் வழக்கம்போல நடக்கின்றன. படத்தின் கடைசித் தலைப்பு அட்டையில் வரும் ஆண்டு 59,81,407. ராத்திரி தனியாக இருக்கும்போது பார்க்க வேண்டாம்.

நான்காவது: இப்போது சோலாரிஸ்

இப்போது அந்தச் சுரங்கப் பாதைக்குத் தயாராகிவிட்டீர்கள். இரண்டே முக்கால் மணி நேரப் படம். தார்க்கோவ்ஸ்கியே இரண்டு பாகமாகத்தான் பிரித்திருக்கிறார், அதனால் வெட்கப்படாமல் இரண்டு மாலைகளில் பாருங்கள். கார் காட்சியில் எதையும் கண்டுபிடிக்க முயல வேண்டாம். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதுபோல இருங்கள்.

கதை இவ்வளவுதான்: சோலாரிஸ் என்ற கோளை ஒரு கடல் மூடியிருக்கிறது, அந்தக் கடலுக்கு ஏதோ ஒரு விதமான அறிவு இருக்கிறது. மேலே சுற்றும் நிலையத்துக்கு வரும் உளவியலாளர் கெல்வின் தூங்கி எழும்போது, பல வருடங்களுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட மனைவி ஹாரி பக்கத்தில் இருக்கிறாள். கடல் அவன் நினைவிலிருந்து அவளைச் செய்து அனுப்பியிருக்கிறது.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். அவள் உடையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. முதுகில் கயிறு கட்டியிருக்கிறது, அவன் அவிழ்க்கிறான். அவிழ்த்தும் உடை திறக்கவில்லை. கயிறு வெறும் கோலம், அதற்கடியில் திறப்பே கிடையாது. கத்தரிக்கோல் எடுத்து வெட்டுகிறான்.

எனக்கு இது முதல் தடவை பிடிபடவில்லை. மூன்றாம் தடவைதான் முதுகு சில்லிட்டது. அந்த உடை எப்படித் திறக்கும் என்று கெல்வினுக்குத் தெரியாது, அல்லது அவன் கவனித்ததே இல்லை. அவன் நினைவில் அது முதுகில் கயிறு உள்ள ஒரு உடை, அவ்வளவுதான். கடலுக்குக் கிடைத்ததும் அவ்வளவுதான். உயிரோடு இருந்தபோது ஹாரியை அவன் எவ்வளவு பார்த்திருக்கிறான் என்பதற்குக் கத்தரிக்கோல் சாட்சி.

அப்படியென்றால் இந்தப் புது ஹாரிதான் மிகத் துல்லியமான காகிதக் கத்தி. வேறொருவன் மனதில் இருந்த வடிவம் முதலில், அவள் அப்புறம். பயந்துபோன கெல்வின் முதலில் அவளை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். அடுத்த நாள் இன்னொரு ஹாரி வருகிறாள், முந்தையவள் நாற்காலியில் விட்டுப்போன சால்வையோடு அதே மாதிரி இன்னொரு சால்வையும் சேர்கிறது. இந்த இரண்டாமவள்தான் படத்தின் நாயகி என்பேன் நான். அவனை விட்டுப் பிரிய முடியாமல் உலோகக் கதவைக் கிழித்துக்கொண்டு வருகிறவள், மெல்ல மெல்ல, நான் அந்த ஹாரி இல்லை என்று தெரிந்துகொள்கிறாள். நூலகத்தில் விஞ்ஞானி ஒருவன் நீ வெறும் நகல் என்று முகத்துக்கு நேரே சொல்லும்போது, ஆனால் நான் மனுஷியாகிக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில் அழுதபடி பதில் சொல்கிறாள். ஆகிக்கொண்டிருப்பது. சார்த்தர் மனிதனைப் பற்றிச் சொன்னதும் இதைத்தான். கடைசியில் அவனைக் கேட்காமலே அவள் எடுக்கும் முடிவை நான் சொல்லப்போவதில்லை.

மூல நாவலை எழுதிய ஸ்தானிஸ்லாவ் லெம்முக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. நான் எழுதிய கதையை விட்டுவிட்டு இவர் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை எடுத்துவிட்டார் என்று கடுப்படித்தார். அவர் அக்கறை முழுவதும் அந்தக் கடல் மேல், மனிதனால் புரிந்துகொள்ளவே முடியாத ஒன்றின் மேல். ஒரு விதத்தில் காம்யு பக்கம் நிற்பது நாவல், சார்த்தர் பக்கம் சாய்வது படம். சார்த்தர் ஏற்கெனவே தார்க்கோவ்ஸ்கியின் முதல் முழுநீளப் படத்துக்காக இத்தாலியப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதி வாதாடியவர் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

படம் முடிந்த கையோடு விளக்க வீடியோ பார்ப்பது. ஒரு நாளாவது கழியட்டும். கத்தரிக்கோலை எனக்கு வீடியோ சொல்லியிருந்தால் அது வெறும் தகவலாகப் போயிருக்கும்.

விண்வெளி காலியாக இருக்கிறது, ஆகவே வாழ்க்கையும் வெறுமை என்று எழுதுவது. காலி இடம் என்பது தத்துவம் ஆகாது. காலி இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

அப்புறம், சோகமான முடிவு என்றால் ஆழம், சிரிப்பு வந்தால் மட்டம் என்ற எண்ணம். கடற்கரைப் பந்துக்குக் கால் முளைத்த படத்தை முதலில் வைத்ததற்குக் காரணமே இதை உடைப்பதுதான்.

ஐந்தாவது: வாசலில் உட்கார்தல்

ஸ்டாக்கர், 1979, இதுவும் தார்க்கோவ்ஸ்கி. கதை, ருஷ்ய அறிவியல் புனைவு எழுத்தாளர்களான ஸ்த்ருகாட்ஸ்கி சகோதரர்களின் குறுநாவலிலிருந்து. தடைசெய்யப்பட்ட ஒரு பிரதேசம், அதன் நடுவே ஓர் அறை. உள்ளே போனால் ஆசை நிறைவேறும். நீங்கள் வாயால் கேட்கிற ஆசை அல்ல, அடிமனதில் கிடக்கிற நிஜ ஆசை. வழிகாட்டி ஒருவன் ஓர் எழுத்தாளரையும் ஒரு பேராசிரியரையும் கூட்டிக்கொண்டு போகிறான்.

இந்தப் படத்தில் கண் விழிக்கும் கத்தி கிடையாது, நிஜ மனிதர்கள்தான். ஆகவே நோட்டில் முதல் கேள்வியை அடித்துவிடுங்கள். யாரும் இவர்களை எதற்காகவும் செய்யவில்லை. வழியில் முள்ளம்பன்றி என்று பட்டப்பெயர் கொண்ட முன்னாள் வழிகாட்டி ஒருவனைப் பற்றிப் பேச்சு வருகிறது. செத்துப்போன தம்பியைத் திரும்பக் கேட்டு அறைக்குப் போனான். வீடு திரும்பினால் கைநிறையப் பணம். தன் மனம் உண்மையில் என்ன கேட்டது என்று அறை காட்டிக்கொடுத்துவிட்டது, அவன் தூக்குப் போட்டுக்கொண்டான். இதன் அர்த்தம் எழுத்தாளருக்கு அறை வாசலில் வைத்துத்தான் உறைக்கிறது.

பேராசிரியர் பையில் ஒரு குண்டு வைத்திருக்கிறார், கெட்டவர்கள் கையில் கிடைக்காமல் அறையையே தகர்த்துவிட. டார்க் ஸ்டாரின் குண்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இது பேசாது, வாதாடாது, கடவுள் தொனியில் எதுவும் சொல்லாது. வாதாடுவது மூன்று மனிதர்கள்தான். கட்டிப் புரண்டு சண்டை போட்டுக் களைத்துப்போகிறார்கள். யாரும் உள்ளே போகவில்லை. மூவரும் அறையைப் பார்த்தபடி ஈரத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அறைக்குள் மழை பெய்து ஓய்கிறது. கேமரா வெகுநேரம் அதையே பார்க்கிறது. பேராசிரியர் குண்டை மறை மறையாகக் கழற்றி, துண்டு துண்டாகத் தண்ணீரில் எறிந்துகொண்டிருக்கிறார்.